படைக்கலக் களைவு: சொல்லும் பொருளும்

சென்ற பருவத்தில் முதுகலை மாணவர்க்கு மொழிபெயர்ப்புப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, ஐக்கிய நாட்டுப் பேரவை 1959ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள் நிறைவேற்றிய தீர்மானம் ஒன்றின் தலைப்பைத் தமிழில் எழுதுமாறு கூறினோம். உலக நாடுகள் தம்மிடமுள்ள போர்க் கருவிகளைப் பொதுவாகவும் முற்றாகவும் நீக்கிவிடுதல் என்பது அத்தலைப்பின் பொருள். அன்று உறுப்பினராய் இருந்த 82 நாடுகளும் ஒருங்கே முன்மொழிந்த தீர்மானம் அது. மாணவர் பலரும் நாளிதழ்களிற் பயின்ற சொல்லையே எடுத்தாண்டு, 'பொதுவான, முழுமையான ஆயுதக் குறைப்பு' என்று எழுதித் தந்தனர். ஒருவர் மட்டும் எழுதவில்லை. காரணம் வினவினோம். "ஐயா, சம்பளத்தைக் குறைத்தார்கள் என்றால் கொஞ்சமாவது கைக்கு வரும் என்றுதானே பொருள்? முழுமையாகக் குறைப்பது எப்படி?" என்றார்.

வகுப்பு நகைத்தது; யாமும் நகைத்தோம். ஆயினும் அன்று அவருக்கு யாம் கூறிய விடை நிறைவுடையதன்று. 'வழக்காற்றில் நிலைத்துவிட்ட சொல்' என்று கூறி மேற்சென்றுவிட்டோம். வழக்கில் நிலைத்த சொல்லுக்கும் பொருட்பொருத்தம் உண்டா என்று பார்க்கும் கடமை ஆராய்ச்சியாளர்க்கு உண்டு. அக்கடன் தீர்க்கவே இக்கட்டுரை எழுந்தது.

முதற்கண் நீக்கப்படும் பொருளைக் குறிக்கும் பெயரை நோக்குவாம். 'படை' என்பது பொருள்வளம் மிக்க தமிழ்ச் சொல். சேனையும் படை, சேனை ஏந்தும் கருவியும் படை. திருவள்ளுவர் படைமாட்சி, படைச்செருக்கு என்னும் அதிகாரங்களிற் சேனையையும் அதன் மறத்தையும் பேசுகின்றார். அவரே கூடா நட்பு என்னும் அதிகாரத்தில், பகைவர் தொழுதுநிற்கும் கைக்குள்ளும் படை மறைந்திருக்கக் கூடும் என எச்சரிக்குங்கால் கருவியையே குறிக்கின்றார். கைக்குள் ஒளிவது கொலைக்கருவியேயன்றிச் சேனையன்று என்பது சொல்லாமே விளங்கும். உழவர் ஏரால் கீறும் கோட்டினைப் 'படைச்சால்' என்பதும் வழக்கு. ஆகவே 'படைக் குறைப்பு' என்று மட்டும் எழுதின், வீரரைக் குறைத்தலா, வேலைக் குறைத்தலா என்ற ஐயம் எழும். உலக மாநாடுகளில் இவ்விரண்டும் வெவ்வேறு பொருள்கள். படைவீரர் தொகையைப் பாதியாக்கிய நாடு ஒன்று வெடிகுண்டுகளை இரட்டிப்பாக்குதல் கூடும். ஆதலின் 'படைக்கலம்' என விரித்துச் சொல்லுதலே தெளிவுடையது.

'ஆயுதம்' என்னும் வடசொல்லோ மற்றொரு வகையில் விரிந்துவிட்டது. ஆயுத பூசை நாளன்று மயிலாப்பூர் மாடவீதிகளிலும் தியாகராய நகர்ப் பாண்டி பசாரிலும் நடந்துசெல்வார் இதனை நேரிற் காணலாம். தராசு, தையற்பொறி, கத்தரிக்கோல், கணக்குப் புத்தகம், ஆட்டோ ஆகிய எல்லாவற்றிற்கும் அன்று சந்தனமும் குங்குமமும் உண்டு. பிழைப்புக்குத் துணையாவது எதுவோ அதுவே மக்கள் வழக்கில் ஆயுதம். இச்சொல்லைத் தமிழாக்குவதாக எண்ணி 'ஆய்தம்' என்று எழுதுவாரும் உளர். ஆய்தம் என்பது தொல்காப்பியர் கூறும் முப்பாற்புள்ளி எழுத்தின் பெயர். போருக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. அவ்வெழுத்தை 'ஆயுத எழுத்து' என்று சிறார்க்குச் சொல்லித்தரும் ஆசிரியர்களும், ஆயுதத்தை 'ஆய்தம்' ஆக்கும் தனித்தமிழ் அன்பர்களும் எதிரெதிர்த் திசையிலிருந்து வந்து ஒரே பிழையிற் சந்திக்கின்றனர்.

பெயர்ச்சொல்லால் வரும் இடர் சிறிது. வினைச்சொல்லிலேதான் உண்மையான சிக்கல் இருக்கின்றது. ஆங்கிலச் சொல் ஒன்றே. அதற்குள் அடங்கிய செயல்களோ பல. பகைவனிடமிருந்து கருவியைப் பிடுங்குதலும் அச்சொல்லால் குறிக்கப்படும். ஒருவன் தானே மனமுவந்து கருவியை விடுதலும் அதுவே. இரு திறத்தாரும் உடன்பட்டு ஒருங்கே நீக்குதலும் அதுவே. யார், யாருடைய படைக்கலத்தை, எவர் விருப்பத்தால் நீக்கினர் என்பதை அச்சொல் கூறுவதில்லை. தமிழில் அங்ஙனம் மறைக்க இயலாது. பறித்தல், துறத்தல், களைதல், ஒழித்தல், ஒப்படைத்தல் என எவ்வினையை எடுப்பினும், வினைமுதல் யார் என்பது ஓரளவு வெளிப்பட்டுவிடும். 'குறைப்பு' ஒன்றே இவ்வகையில் ஊமைச்சொல். அது செய்வாரையும் காட்டாது, முடிவையும் காட்டாது. அளவை மட்டுமே காட்டும். அதனாலேயே செய்தித்தாள்களுக்கு அது வசதியாய் அமைந்தது போலும்.

பழந்தமிழ்ப் புலவர்கள் இப்பொருளை எவ்வாறு கண்டனர்? இவ்வினா எழுந்தவுடன் பலரும் சுட்டுவது புறநானூற்றின் 95ஆம் பாட்டு. அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதராய்ச் சென்ற ஔவையார்க்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான் என்றும், அப்போது பாடப்பட்டது இப்பாட்டு என்றும் அதன் கீழ்க்குறிப்பு அறிவிக்கின்றது. தொண்டைமானின் கருவிகள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பெற்றுக் காவல்மிக்க மனையில் இருக்கின்றன. அதியமானின் கருவிகளோ பகைவரைக் குத்தி முனை முறிந்து கொல்லனது உலைக்கூடத்தில் கிடக்கின்றன. பாட்டின் கருத்து இதுவே.

படைக்கலப் பெருக்கத்தைக் கண்டித்து அமைதியை வேண்டிய முதற்பாட்டு இது என்று மேடைகளிற் பேசக் கேட்டிருக்கின்றோம். மாணவர் கட்டுரைகளிலும் படித்திருக்கின்றோம். எமக்கு அக்கருத்து உடன்பாடன்று. பாட்டில் எள்ளப்படுவது கருவி வைத்திருத்தல் அன்று. வைத்துக்கொண்டு வாளாவிருத்தலே எள்ளப்படுகின்றது. உலைக்கூடத்திற் கிடக்கும் கருவி நீக்கப்பட்ட கருவியும் அன்று. செப்பனிடப்பட்டு மீண்டும் களத்துக்குச் செல்ல இருப்பது. அதியமான் போரில் தேய்ந்தவன், நீயோ போர் அறியாதவன் என்று அச்சுறுத்துதலே அங்கதத்தின் பயன். இதற்குச் சான்று வேறெங்கும் தேட வேண்டுவதில்லை. பாட்டின் துறை 'வாண்மங்கலம்' என வகுக்கப்பட்டுள்ளது. வாளை வாழ்த்தும் துறை அது. தொல்காப்பியர் அதனைப் பாடாண் பகுதியுள் வைத்துரைக்கின்றார். வாளை வாழ்த்தும் பாட்டினை வாளைத் துறக்கும் பாட்டாகக் கொள்ளுதல் துறையறியாப் பிழை. அடையாற்றில் 1943ஆம் ஆண்டு நிறுவப்பெற்று இன்று பெசன்ட் நகரில் உள்ள உ.வே.சா. நூல்நிலையம் நமக்கு மிக அருகிலேயே இருக்கின்றது. ஐயரவர்கள் 1894ஆம் ஆண்டில் வெளியிட்ட புறநானூற்றுப் பதிப்பின் பயனே, பாட்டையும் திணை துறைகளையும் கீழ்க்குறிப்பையும் நாம் ஒருங்கே பெற்றிருத்தல். பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு துறையை விட்டுவிடுதல் அப்பதிப்பாசிரியரின் உழைப்புக்குச் செய்யும் நன்றியன்று.

அப்பாட்டால் போர் தவிர்ந்ததாயின், அஃது ஒருவன் மற்றவனது வலிமைக்கு அஞ்சியதனால் தவிர்ந்ததாகும். இக்காலப் பேரரசுகள் அணுகுண்டைச் சேமித்து வைத்தற்குக் கூறும் காரணமும் இதுவே அன்றோ? ஆகவே ஔவையார் பாட்டு இன்றைய உலக அரசியலோடு தொடர்புடையதுதான். ஆனால் பேச்சாளர் கருதும் பக்கத்திலன்று, எதிர்ப்பக்கத்தில்.

போரை நிறுத்தும் பாட்டு வேண்டுவார் 'துணைவஞ்சி' என்னும் துறையை நாட வேண்டும். நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் பொருதபோது கோவூர்கிழார் பாடிய 45ஆம் பாட்டு அத்துறையினது. இருவரும் சூடியது ஆத்தி மாலையே, தோற்பது யாராயினும் தோற்பது சோழர் குடியே என்ற நியாயத்தைப் புலவர் முன்வைக்கின்றார். அங்கும் படைக்கலத்தை விடுக என்ற சொல் இல்லை. போரை விடுக என்பதே உண்டு. புறத்திணை நூலார் வெட்சி முதலாகப் போரின் ஒவ்வொரு நிலைக்கும் பூவும் பெயரும் வகுத்தனர். படைக்கலத்தை முற்றாக நீக்குதலுக்குப் பூவும் இல்லை, துறையும் இல்லை. இது குறையன்று. அக்காலத்து அரசன் ஒருவன் கருவியின்றி வாழ்தல் கருதக்கூடிய நிலையன்று என்பதையே இது காட்டுகின்றது.

கருவியின்றி நின்ற அரசனைப் பிற்காலக் காப்பியத்தில்தான் காண்கின்றோம். முதல்நாட் போரில் தேரும் முடியும் படைக்கலமும் இழந்து நின்ற இராவணனை, இன்று சென்று நாளை வருக என இராமன் விடுக்கும் இடம் கம்பனைக் கற்றார் யாவரும் அறிந்தது. மயிலாப்பூர்ச் சபைகளில் கதை சொல்வோர் இவ்விடத்துக்கு வரும்போது, 'நிராயுதபாணியாக நின்றான்' என்று குரலைத் தாழ்த்துவர். கம்பனோ வெறுங்கை என்று தமிழிற் சொல்லி, வீரமும் களத்திலே போயிற்று என்ற கருத்தையும் உடன் சேர்த்துவிட்டான். ஆகவே நிராயுதபாணி என்னும் சொல் நம் செவியில் இரக்கத்தோடும் இழிவோடும் கலந்தே ஒலிக்கின்றது. தன் நாடு நிராயுதபாணியாக வேண்டும் என்று எந்த அரசும் கையெழுத்திடாது. அச்சொல் பறிக்கப்பட்டவனுக்கு உரியது.

பறித்தல் எத்தகையது என்பதைத் தென்தமிழ்நாடு பட்டறிந்தது. 1799 அக்டோபர் 16ஆம் நாள் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டபின், மேஜர் பானர்மன் ஏனைய பாளையக்காரர்களைக் கோட்டைகளை இடிக்குமாறும் படைக்கலங்களை ஒப்புவிக்குமாறும் பணித்தார். மருது உடன்பிறந்தார் 1801 அக்டோபரில் தூக்கிலிடப்பட்டனர். அவ்வாண்டு டிசம்பரிலேயே சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவின் பெயரால், மக்கள் படைக்கலம் தாங்குதலைத் தடுக்கும் அறிக்கை வெளியாயிற்று. பின்னர் 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் அந்நிலையை இந்தியா முழுமைக்கும் பொதுவாக்கியது. ஆங்கில வரலாற்று நூல்கள் இச்செயலைக் குறிக்க ஆளும் சொல்லும், 1959ஆம் ஆண்டுத் தீர்மானத்தின் தலைப்பில் உள்ள சொல்லும் ஒன்றே. தமிழில் இரண்டையும் ஒரே சொல்லால் எழுதுதல் எமக்கு ஒவ்வாது. கயத்தாற்றுக்குப்பின் நிகழ்ந்தது படைக்கலப் பறிப்பு. அதைக் 'குறைப்பு' என்பது வரலாற்றை மழுப்புதலாகும்.

ஈழத்துத் தமிழ் இவ்வேறுபாடுகளைக் கூர்மையாக உணர்ந்து சொற்களை ஆண்டுள்ளது. 1987 ஜூலை 29ஆம் நாள் கையெழுத்தான இந்திய இலங்கை உடன்பாடு போராளிக் குழுக்கள் படைக்கலங்களை அளித்துவிட வேண்டும் என்று விதித்தது. ஆங்கில வாசகத்தில் உள்ள சொல் சரணடைதலுக்கும் பொதுவானது. தமிழர் அதனை 'ஒப்படைத்தல்', 'கையளித்தல்' என்றே வழங்கினர். (ஒப்படைத்தல் ஒப்பு, அடை என்று பிரியும், அதில் ஒலிக்கும் படை ஆயுதமன்று என்பதை மாணவர் பொருட்டுக் குறிக்கின்றோம்.) கையளித்தல் என்பதன் பின்னே 'கையடை' என்னும் பழஞ்சொல் நிற்கின்றது. தயரதன் இராமனை விசுவாமித்திரனிடம் ஒப்புவிக்கும் பகுதிக்குக் கையடைப் படலம் என்று பெயர். பெற்றுக்கொள்பவன் காப்பான் என்னும் நம்பிக்கை கையடைக்கு உயிர். அவ்வாண்டு அக்டோபரிலேயே அந்நம்பிக்கை முறிந்து, இந்திய அமைதிப் படைக்கும் புலிகளுக்கும் இடையே போர் மூண்டது. சொல்லில் இருந்த உறுதி நிகழ்ச்சியில் இல்லாமற் போயிற்று.

2002 பெப்ரவரி 22ஆம் நாளைய போர்நிறுத்த உடன்பாட்டில், அரசு தன் பக்கம் நின்ற தமிழ்த் துணைக்குழுக்களின் படைக்கலங்களை 30 நாட்களுக்குள் நீக்க வேண்டும் என்ற பிரிவு இருந்தது. அதனைப் பேசுங்கால் 'ஆயுதங்களைக் களைதல்' என்ற தொடர் வழங்கிற்று; களைபவர் வேறு, களையப்படுபவர் வேறு. பின்னர் 2009 மே 17ஆம் நாள் போரின் இறுதியில் வெளியான அறிவிப்பைத் தமிழர், 'ஆயுதங்கள் மௌனிக்கப்பட்டன' என்று வழங்கலாயினர். இத்தொடரை ஊன்றி நோக்குக. கொடுத்தாரும் இல்லை, பறித்தாரும் இல்லை, துறந்தாரும் இல்லை. கருவியே வாய் மூடிக்கொண்டது என்பது போன்ற அமைப்பு. ஒப்படைப்பு, சரண், களைவு என்னும் சொற்கள் எல்லாம் கைக்கெட்டும் தொலைவில் இருக்க, அவை எவற்றையும் தொடாமல் புதுவினை ஒன்றைப் படைத்துக்கொண்டனர். அதன் அரசியலை ஆராய்தல் எம் வேலையன்று. ஒரு மொழியார் தம் துயரின் உச்சியிலும் வினைச்சொல்லை இத்துணை நுணுகித் தேர்ந்தனர் என்பதை மட்டும் ஈண்டுக் குறித்துவைக்கின்றோம்.

இனி, தானே விடுதல். சொல்லாக்கத்தையும் படைக்கல நீக்கத்தையும் ஒருங்கே தம் கவலையாகக் கொண்ட பெரியார் ஒருவர் தியாகராய நகர்ப் பசுல்லா சாலையில் வாழ்ந்தார். சேலத்தில் 1916ஆம் ஆண்டிலேயே தமிழ் அறிவியற் சொற்களுக்கென அமைந்த சங்கத்தை நிறுவியவர்களுள் இராஜாஜி ஒருவர். அவரே 1962 செப்டம்பரில், தம் 83ஆம் வயதில், காந்தி அமைதி நிறுவனத்தின் தூதுக்குழுவுக்குத் தலைமை தாங்கி வாசிங்டனுக்குச் சென்று, அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்துமாறு குடியரசுத் தலைவர் கென்னடியிடம் வேண்டினார். மற்றவன் விடட்டும் என்று காத்திராமல் ஒரு திறத்தார் தாமே முதலில் விட வேண்டும் என்பது அவர் பல்லாண்டு வற்புறுத்திய கொள்கை. இதற்குத் தமிழில் தக்க சொல் துறப்பு. துறத்தலுக்கு எதிராளி வேண்டியதில்லை, உடன்படிக்கையும் வேண்டியதில்லை. அதன் பெருமையும் அதுவே, அரசியலில் அதன் இடரும் அதுவே. 1963 ஆகஸ்டு 5ஆம் நாள் மாஸ்கோவில் கையெழுத்தான ஒப்பந்தம் வளிமண்டலத்திலும் விண்ணிலும் நீருக்கடியிலும் சோதனை செய்தலைத் தடுத்தது. நிலத்தடிச் சோதனையைத் தடுக்கவில்லை, இருந்த குண்டுகளில் ஒன்றையும் நீக்கவுமில்லை. அது துறப்பும் அன்று, குறைப்பும் அன்று, தடை.

துறத்தலுக்கு ஈடாகக் 'கைவிடுதல்' என்று எழுதலாமே எனின், அங்கொரு வியப்பு உண்டு. நம் முன்னோர் படைக்கலத்தைக் கைவிடுபடை, கைவிடாப்படை எனப் பிரித்தனர். அம்பும் எறிவேலும் கையை விட்டுச் செல்வனவாதலின் கைவிடுபடை, வாள் கைவிடாப்படை. ஆகவே 'ஏவுகணையைக் கைவிட்டனர்' என்னும் தொடரைப் பழைய உரையாசிரியர் ஒருவர் காண்பாராயின், ஊர் அழிந்ததென்றே உரை எழுதுவார்.

'ஒழிப்பு' என்னும் சொல் வலிமையுடையது. சமீன் ஒழிப்பு, வறுமை ஒழிப்பு, கொசு ஒழிப்பு எனப் பலவிடத்தும் உழைத்துக் களைத்த சொல்லும் ஆகும். ஒழிதல் என்பதற்கு நீங்குதல் என்ற பொருளோடு எஞ்சுதல் என்ற பொருளும் பண்டு உண்டு. யாப்பருங்கலக் காரிகையின் இறுதிப் பகுதி ஒழிபியல் எனப் பெயர் பெற்றது, முன்னர்க் கூறாது எஞ்சியவற்றைக் கூறுதலால். ஒழிப்பில் ஒழிபும் உடன் நிற்பதை உலக நிகழ்ச்சிகளே காட்டும். 1987 டிசம்பர் 8ஆம் நாள் அமெரிக்காவும் சோவியத்து நாடும் செய்த ஒப்பந்தப்படி 1991ஆம் ஆண்டுக்குள் 2,692 ஏவுகணைகள் அழிக்கப்பட்டன. அவ்வகை ஏவுகணையை நோக்க அது ஒழிப்பு. இரு நாடுகளின் அணுவாற்றல் முழுவதையும் நோக்க அது குறைப்பு. அவ்வொப்பந்தமும் 2019ஆம் ஆண்டில் முடிவுற்றது. வேதியியற் படைக்கலங்களைப் பொறுத்தவரை ஒழிப்பு என்று எழுதுவதில் பிழையில்லை. 1997ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கையின்கீழ் இந்தியா தன் இருப்பை 2009ஆம் ஆண்டுக்குள் அழித்தது. உறுப்பு நாடுகள் அறிவித்த இருப்பு முழுவதும் 2023 ஜூலையில் அழித்து முடிக்கப்பட்டது.

எஞ்சுவது 'களைவு'. களைதல் என்றவுடன் வயலும் களையும் நினைவுக்கு வரும். கொடியோரை அரசன் ஒறுத்தல் பயிரிடைக் களை எடுப்பதை ஒக்கும் என்று செங்கோன்மை அதிகாரம் கூறும். அவ்வுவமையில் களைபவன் மேலோன். ஆனால் அணிகலன் களைதல், ஆடை களைதல் என்னும் வழக்குகளில் களைபவனும் உடையவனும் ஒருவனே. நட்பு அதிகாரத்தில் நண்பன் இடுக்கண் களைகின்றான். அங்குப் பிறனுக்காகச் செய்யும் செயல் அது. பறித்தல், துறத்தல், உடன்பட்டு நீக்குதல் என்னும் மூன்றையும் தழுவக்கூடிய தமிழ்வினை இஃதொன்றே என்பது எம் கருத்து. அளவைக் குறைத்து நிறுத்துதல் இதன் பொருளாகாது. களையைப் பாதி பிடுங்கிய வயலைக் களை எடுத்த வயல் என்று எவ்வுழவரும் சொல்லார். ஆகவே 1959ஆம் ஆண்டுத் தலைப்பைப் 'பொது, முழுப் படைக்கலக் களைவு' என்று தமிழாக்கலாம். எண்ணிக்கையை மட்டும் தாழ்த்தும் ஒப்பந்தங்களுக்குக் குறைப்பு என்பது பொருந்தும். பிறரால் நேர்வதைப் பறிப்பு என்க. ஒருவர் தாமே விடுவதைத் துறப்பு என்க.

இதற்கு ஒரு தடை எழுப்பப்படும் என்பதை அறிவோம். 2002ஆம் ஆண்டுக்குப்பின் ஈழத்தவர் செவியில் களைதல் என்பது பிறர் வந்து நீக்குதலாகவே ஒலிக்கக்கூடும். அவர்க்கு அச்சொல் பொதுச்சொல்லாக அமையாது. தடை வலிமையுடையதே. சென்னையில் இருந்துகொண்டு யாம் வகுக்கும் கலைச்சொல் யாழ்ப்பாணத்தில் புண்ணைத் தொடுமாயின், அதனை மீண்டும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அங்குள்ள தமிழ்ப் பேராசிரியர்கள் இதுபற்றி எழுதுவராயின் கற்றுக்கொள்வோம்.

வினாவெழுப்பிய மாணவர் தம் விடையைப் பின்னர் எழுதித் தந்தார். 'முற்றப் படைநீக்கம்' என்று இருந்தது. படைநீக்கம் எனின் சேனையைக் கலைத்தல் என்றும் பொருள்படுமே என்று சுட்டினோம். "அதுவும் நல்லதுதானே, ஐயா" என்றார். மதிப்பெண் குறைக்கவில்லை.